மாடி வீட்டுத் தாழ்ப்பாள்

ஆட்டோ வாசலில் வந்து நிற்பதற்குள், முற்றத்தில் இருந்த ரேணுகா மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டாள். மேலே கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கீழே வரை கேட்டது.

சத்தியப்பிரியா, மகன் விஷ்வாவின் கழுத்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி ஆட்டோவை விட்டு இறங்கினாள். எதையும் பார்க்காத மாதிரிதான் இறங்கினாள். ஆனால், அதே நேரம் தெருவில் வந்துகொண்டிருந்த நாத்தனார் சாலா அப்படி விடுகிற ஆள் இல்லை.

"பாத்தியா சத்தியா, உன் ஓரகத்தி பண்ணுன வேலைய? உன் தலையக் கண்டதும் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுறா!"

"மேல ஏதாவது சோலி இருக்கும் மதினி."

"என்ன பெரிய சோலி? உன் புள்ளைக்கு இருக்கிறது அவ புள்ளைக்கும் ஒட்டிக்கிருமோன்னு பயம். எப்பப் பாத்தாலும் இடுப்புலயே வச்சுக்கிட்டுத் திரியிறா. இந்த வீட்டுத் தரையில விட்டாக் கூட ஆகாது போல."

சத்தியா ஆட்டோக்காரருக்குக் காசு கொடுத்தாள். சாலாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியும். சொல்லிவிட்டுப் போன பிறகு முன்னைவிட அதிகமாக வலிக்கும், அவ்வளவுதான்.

அண்ணன் தங்கச்சாமி குடும்பம் மாடியில், தம்பி முத்தரசு குடும்பம் கீழே. அண்ணன் மனைவி ரேணுகாவும் தம்பி மனைவி சத்தியாவும் ஒரே நேரத்தில் முழுகாமல் இருந்தார்கள். ஒரே மாங்காயைக் கீறி ஆளுக்குப் பாதி தின்றவர்கள். சத்தியாவுக்கு வளைகாப்புக்கு நாள்கூடக் குறித்தாயிற்று. அதற்குள் ஏழாம் மாதத்திலேயே விஷ்வா வந்துவிட்டான். ரேணுகாவுக்கு மாதம் நிறைந்து, அதே வாரம் சிந்து பிறந்தாள்.

அப்போதெல்லாம் ரேணுகா நாளைக்குப் பத்துத் தடவை கீழே வருவாள். இப்போது படியில் எதிர்ப்பட்டால் ஒரு வார்த்தை, அத்தோடு சரி.

"டாக்டரம்மா இன்னைக்கி என்ன சொன்னாக?" சாலா விடவில்லை.

"நல்லா வருவான்னு சொன்னாக மதினி."

காரைக்குடி டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை.

"ஒரு வயசுன்னு எண்ணாதீங்கம்மா. பிறந்திருக்க வேண்டிய தேதியில இருந்து பத்து மாசம்னு எண்ணுங்க. வயித்துக்குள்ள இருக்கிற கடைசி ரெண்டு மூணு மாசத்துலதான் மூளையும் நரம்பும் வேகமா வளரும். இவன் அதுக்கு முன்னாடியே வெளியே வந்துட்டான். ஆனா பத்து மாசம்னு வச்சாலும், கழுத்து இன்னும் நிக்காதது தாமதம்தான்."

"நடப்பானா டாக்டர்?"

டாக்டரம்மா விஷ்வாவின் உள்ளங்காலைத் தடவிக்கொடுத்தார்.

"பயிற்சியை ஒரு நாளும் விடாதீங்க. நடப்பான்னு இப்ப என்னால சொல்ல முடியாதும்மா."

இதைச் சத்தியா யாரிடமும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் வேலையில் இருக்கும் முத்தரசுவிடம்கூடப் போனில், "நல்லா இருக்கானாம்" என்றுதான் சொன்னாள்.

"நீ வாயில்லாப் பூச்சி. நானா இருந்தா மூஞ்சிக்கு நேரா கேட்டுப்புடுவேன்," என்று சொல்லிவிட்டுச் சாலா கிளம்பினாள்.

சத்தியாவுக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் சொன்னதைத் தாங்கிக்கொண்டவளால் அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. ஊரில் எவள் ஒதுக்கினாலும் போகட்டும். ரேணுகாக்காவா?

மதியம் தங்கச்சாமியின் வண்டிச் சத்தம் கேட்டது. புதுவயல் அரிசி ஆலையில் இருந்து சாப்பிட வந்திருந்தார். அவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டியதுதான். 'என் புள்ளைக்கு இருக்கிறது ஒட்டுவாரொட்டி இல்லக்கா' என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். விஷ்வாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறினாள்.

கதவைத் தட்டக் கையைத் தூக்கும்போது உள்ளே தங்கச்சாமியின் குரல் கேட்டது.

"நீ செய்யிறது எனக்குப் பிடிக்கலை ரேணு. புள்ளை நடந்து எம்புட்டு நாளாச்சு? கொழுக்கட்டை அவிச்சு நாலு வீட்டுக்குக் குடுக்கிறதுதானே நம்ம வழக்கம்? வெளிய தெரிஞ்சா என்னையத்தானே ஏசுவாக?"

"மெதுவாப் பேசுங்க. கீழ கேக்கும்."

"கேட்டா என்ன? நல்ல விசயந்தானே?"

"நாலு வீட்டுக்குன்னா மொத வீடு கீழ் வீடுதான். அந்தத் தட்டைச் சத்தியா கையில நான் எப்படிக் குடுப்பேன்? சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிருவா. அந்தச் சிரிப்பை என்னால பாக்க முடியாது."

சத்தியாவின் கை அப்படியே நின்றது.

உள்ளே சின்னக் காலடிகள் தடுமாறித் தடுமாறிக் கதவை நோக்கி வந்தன. பின்னாலேயே ரேணுகா ஓடி வருவது கேட்டது. காலடிச் சத்தம் நின்றுவிட்டது. தூக்கியிருக்க வேண்டும், சிந்து சிணுங்கினாள்.

"பாரு, எறங்கணும்னு அழுகுது. இன்னும் எம்புட்டு நாளைக்கி இவளை இடுப்புலயே வச்சுக்கிட்டு, அவுக கண்ணுல படாம ஒளிச்சு வச்சுக்கிட்டுத் திரிவ?"

ரேணுகாவின் குரல் கதவுக்கு மிகப் பக்கத்தில் கேட்டது.

"விஷ்வா நடக்கட்டும். ரெண்டு பேருக்கும் சேத்து அவிக்கலாம். அதுவரைக்கும் இவளும் நடக்கலை."