நுரைத்த டம்ளர்

கட்டிலருகே இருந்த டம்ளர் தானாக நுரைத்துக்கொண்டிருந்தது. கண்விழித்த ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். நேற்றுத்தான் மருமகளின் சமையலை, "சாப்பாடா இது, கருங்கல்லா?" என்று தட்டோடு தள்ளியிருந்தார்.

தீக்குச்சியை உரசி நுரைக்கு மேலே பிடித்தார். பொசுக்கென்று அணைந்தது. கார்பன் டை ஆக்சைடு! தண்ணீரில் எதையோ கலந்திருக்கிறாள்.

மருமகளே உள்ளே வந்தாள். "இன்னும் எடுத்துக்கலையா மாமா? பத்து நிமிஷமாச்சே."

"இதுல என்னத்தைக் கலந்தே?" என்று அதட்டினார்.

"என்ன சொல்றீங்க மாமா? ஒண்ணும் புரியல."

என்னமாய் நடிக்கிறாள்! முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்தியவரிடமா? செய்தித்தாளின் ஓரத்தில் எழுதி நீட்டினார்:

அமிலம் + கார்பனேட் → உப்பு + நீர் + கார்பன் டை ஆக்சைடு.

அதன் கீழே, 'போலீசைக் கூப்பிடப் போகிறேன்.'

மருமகள் நிதானமாகப் படித்தாள். டம்ளருக்குள் கரண்டியை விட்டு, நுரையிலிருந்து இரண்டு வரிசைப் பற்களை எடுத்தாள்.

"சமன்பாடு சரிதான் மாமா. நேத்து கோவத்துல கழற்றி எறிஞ்சீங்களே, அதான் பல்செட் கழுவுற மாத்திரை வாங்கிப் போட்டேன். இதை மாட்டிக்கிட்டுப் போன் பண்ணுங்க. இல்லேன்னா போலீசுக்கும் ஒண்ணும் புரியாது."