பூசி மறைத்த வாசல்

"கண்ணைக் கட்டிவிடுங்க தாயி. இந்த ஊர்ல நான் லெட்டர் குடுத்த பதினோராயிரத்து நானூறு வாசல்ல எதைச் சொன்னாலும் போய் நிப்பேன். இடிச்சுப் போட்டிருந்தாலும் நிப்பேன்."

இடத்தைப் பார்த்து வரக் கோர்ட் அனுப்பிய வக்கீல் கமிஷனர் அம்மாள், தபால்காரரின் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

"வாசலே கிடையாதுங்கேன். எங்க போய் நிப்பீரு பெரியவரே?" என்றான் பொன்துரை.

வீட்டின் முன்பக்கம் அவனுடையது. நடைச் சுவர் முழுக்கப் புதுப் பூச்சு, வெள்ளை. சுவருக்குப் பின்னால் அவன் பெரியம்மா செல்லக்கனியின் ஒற்றை அறை. அந்தச் சுவரில்தான் இருந்தது, பாகம் பிரித்த அன்று அவளுக்கென்று வாய்வார்த்தையாக விட்ட வாசல். எந்தப் பத்திரத்திலும் ஏறாத வாசல்.

அவன் அதை அடைத்துப் பூசிய எட்டு மாதமாகப் பக்கத்து வீட்டு ஏணியில் ஏறி இறங்கித்தான் அவள் தன் அறைக்குப் போகிறாள்.

வாசல் இருந்ததென்று சொல்ல, இந்த ரிட்டயர்டு தபால்காரரை விட்டால் அவளுக்கு ஆளில்லை.

துண்டை இறுக்கிக் கட்டினார்கள்.

இருட்டு.

அப்போதுதான் பயம் வந்தது. சாதாரணப் பயமா? இதுவரை அவர் அடித்த ஜம்பத்தில் யார் வீடும் போனதில்லை.

தெருவாசலிலிருந்து இருபத்துமூன்று எட்டு. முப்பத்தெட்டு வருஷக் கணக்கு.

ஒன்பது. பத்து.

பதினேழில் கால் வழுக்கியது. சிமென்ட் தரை போய் டைல்ஸ் வந்திருந்தது.

கணக்கு அறுந்தது.

தட்டுத் தடுமாறி நாலைந்து அடி வைத்து நின்றார். இதுவா? இன்னும் போகணுமா?

பின்னால் செல்லக்கனியின் மூச்சு கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

கையில் அவருக்கு வந்த கோர்ட் நோட்டீஸ். வேறு வழி தெரியாமல், அந்தக் காலத்தில் செய்ததையே செய்தார். குனிந்தார். ஆறு வயதுப் பையனின் உயரத்துக்கு அதை நீட்டினார்.

"ஏலே பொன்துரை! கப்பல்லேருந்து ஒங்கப்பா லெட்டர் போட்டிருக்காருல!"

யாரும் வாங்கவில்லை.



"இங்கேயா சார்?" என்றாள் கமிஷனர்.

நீட்டிய காகிதத்தை மடக்காமல் அப்படியே குனிந்து நின்றார்.

முன்னால், இரண்டு எட்டு தள்ளி, யாரோ சுவரில் உள்ளங்கையை வைக்கும் சத்தம்.

"அங்க இல்ல மாமா. இங்க. அப்பல்லாம் இந்த வாசப்படிலதான் நிப்பேன்."