மூன்று டேப்பிலும் ஒரே மடவை

எம்.கே.பி. நகர் வீட்டில் எழிலனின் ஆவணப்படத்தை எடிட் செய்துகொண்டிருந்த யசோதரா, சந்தேகத்தோடு காட்சியை நிறுத்தினாள்.

முதல் டேப்பில் எண்ணூர் முகத்துவாரத்து மணலில் கூடை நிறையச் செத்த மீன். இரண்டாவதில் சிமென்ட் தரையில் ஒரு கூடை. மூன்றாவதில் மொசைக் தரையில் ஒரு கூடை. மூன்றிலும் மேலே கிடந்தது, வால் கிழிந்த அதே மடவை மீன்.

"ஒரு கூடை மீன வச்சிகினு, மூணு எடத்துல செத்த மாதிரி காட்டப் பாக்குறியா எழிலா?"

"இன்னா யசோ, என்னப் போயி..."

"போன வருசம் ஒருத்தன் செட்டப் பண்ண அழுவுற சீன நெசம்னு நம்பி ஒட்டிக் குடுத்தேன், ஊரே என்னத் துப்புச்சி. என் பேரு இதுல வராது. டேப்ப எடுத்துனு கெளம்பு."

எழிலனோடு படம் பார்க்க வந்திருந்த முகத்துவாரக்குப்பத்து சொக்கம்மாள் குறுக்கிட்டாள்.

"தம்பிய ஏம்மா திட்ற? மூணுலயும் இருக்கறது என்னோட ஒரே மீன் கூடதான். நான்தான் தூக்கிகினு அலைஞ்சேன்."

"எங்க?"

"ஆபீஸ் ஆபீஸா. ஆத்துல மீனு செத்துச்சின்னு வாயால சொன்னா நம்பலயே. சிமென்ட் தர ஆபீசுல, அந்த எடம் எங்க எல்லையில வராதுன்ட்டாங்க. கேமராவ உள்ள வுடல. அதான் தம்பி வாசப்படியில நின்னே எடுத்துச்சி."

யசோதரா எழிலன் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்டி வைத்திருந்த மூன்று காட்சிகளையும் வரிசையாக ஒட்டினாள்.

"மொசைக் போட்ட ஆபீசுல இன்னா சொன்னாங்க?"

"அதுக்குள்ள சாயந்தரம் ஆயிடுச்சேம்மா. மீனு நாறுது, வெளிய எடுத்துனு போன்னாங்க."