கெட்டுப்போன ரேடியோ

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, இந்த ரேடியோவைப் பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுரு. எம்புட்டுத் திருகினாலும் சத்தமே வரல. டி.வி.யும் அப்படித்தான் ஆயிப்போச்சு" என்றார் உக்கிரபாண்டி.

அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, "சரி, போட்டுருதேன்" என்றாள் மனைவி வெள்ளத்தாய்.

வாசலில் பழைய சாமான்காரர் ரேடியோவைத் திருகிப் பார்த்தார். தெருவே அதிரப் பாட்டு கேட்டது.

"அக்கா, நல்லாத்தான பாடுது?"

அவள் பதறிப்போய் உள்ளே பார்த்தாள். முதுகைக் காட்டி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த உக்கிரபாண்டி திரும்பவே இல்லை.

ராஜபாளையம் நூல் மில்லில், மெஷின் இரைச்சலுக்கு நடுவே, எதிரே நிற்பவர்களின் வாயசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர். இப்போது வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறோம் என்பது அவருக்கே தெரியாது.

"அமத்திட்டுக் கொண்டுபோயிருங்கண்ணே" என்றாள் வெள்ளத்தாய். "கெட்டுப்போனது ரேடியோதாம்னு அவிய நெனச்சுக்கிடட்டும்."