மூன்று மடங்குப் படம்

ஜன்னல் வெயில் மேஜையில் விழுகிறது. பேருந்து ஓட்டுநரான அப்பா புதுப் போனைக் கை நீட்டிப் பிடித்துப் பார்க்கிறார், பிறகு மூக்கருகே கொண்டுவருகிறார். மகள் படங்கள் வரைந்து கொடுத்த மருத்துவமனைச் செயலி இன்றுதான் வெளியாகியிருக்கிறது. எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்க, டாக்டர் படம் மட்டும் தண்ணீரில் ஊறியதுபோல் கலங்கித் தெரிகிறது. "இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு பஸ் ஓட்டுறீங்க, அதுல ஜனம் வேற ஏறுது" என்று அம்மா சிரிக்கிறாள். அப்பா சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அவருக்குக் கண் பரிசோதனை. தேறாவிட்டால் ஸ்டியரிங் கைவிட்டுப் போகும். "புரை விழுந்திருக்குமோம்மா?" என்று மகளிடம் மெல்லக் கேட்கிறார். ஒவ்வொரு படத்தையும் சாதாரணத் திரைக்கு ஓர் அளவில், அடர்த்தியான திரைகளுக்கு இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும் எனத் தனித்தனியே தயாரிக்க வேண்டும். அவளோ அவசரத்தில் சின்னப் படத்தையே இழுத்துப் பெரிதாக்கி மூன்று மடங்குப் படத்தின் இடத்தில் போட்டுவிட்டாள். சாதாரணத் திரையுள்ள அவளுடைய பழைய போனில் குறை தெரியவில்லை; அப்பாவின் புதுப் போன் காட்டுவதோ அந்த மூன்று மடங்குப் படத்தை. 'கோளாறு உங்க கண்ணுல இல்லப்பா, என் வேலையில' என்று சொல்ல வாயெடுக்கிறாள். அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறார். "குடுங்கப்பா, நான் நல்லாத் துடைச்சுத் தரேன்" என்கிறாள் மகள். ஏற்கெனவே பளபளக்கும் கண்ணாடியை, தலை நிமிராமல், துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.