முழங்கைக்குக் கீழே ரெண்டு

மண்டை ஓடு மேஜைக்கு அடியில் கிடந்தது. விலா எலும்பில் இரண்டைக் காணவில்லை. இத்தனைக்கும் காரணமான ஆள் கையெல்லாம் பசையோடு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

"ஐயே, தொடை எலும்பைத் தூக்கிக் கையில ஒட்டி வச்சிருக்கீங்க," என்றாள் வாயாடி.

ஒன்றாம் வகுப்பில் அது ஓவிய நேரம். கறுப்பு அட்டையில் வெள்ளை ஸ்ட்ராவையும் காது குடையும் பஞ்சுக் குச்சியையும் வெட்டி ஒட்டி, ஆளுக்கொரு எலும்புக்கூடு செய்ய வேண்டும். அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு கூட வந்த தன் வீட்டுக்காரரை, டீச்சர் வாயாடிக்குப் பக்கத்துக் குட்டி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

"இந்த அங்கிளுக்கு நீதான்டா சொல்லித் தரணும். நான் சொன்னா எதுவும் மண்டையில ஏற மாட்டேங்குது," என்றார் டீச்சர். முழங்கால் இரண்டும் காதைத் தொட உட்கார்ந்திருந்த அங்கிள் அசடு வழிந்தார்.

வாயாடி என்று பேர்தான். பத்து நாளாக அவள் சரியாக வாயே திறக்கவில்லை. ஊஞ்சலிலிருந்து விழுந்து உடைந்த இடது கை எலும்பு, கட்டுப் போட்டும் கோணலாகச் சேர்ந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தை அப்பா கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் காட்டி, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து வரவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

வலிக்கு அவள் பயப்படவில்லை. "என்னைத் தூங்க வச்சிட்டு எலும்பை மாத்தி வச்சிட்டா?" என்று கேட்டாள்.

"டாக்டருக்கு எல்லாம் தெரியும்டி," என்றாள் அம்மா.

"அவருக்குத் தெரியும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா பாலைப் பார்க்க அடுப்படிக்குப் போய்விட்டாள். வாயாடி அன்றைக்கு மூடிய வாய்தான். இன்றைக்கு இந்த அங்கிள் அடிக்கும் கூத்தைப் பார்த்து, பொறுக்க முடியாமல் தானாகத் திறந்துகொண்டது.

"இங்க தொட்டுப் பாருங்க அங்கிள். முழங்கைக்கு மேல ஒண்ணுதான். கீழ ரெண்டு."

அங்கிள் தன் கையைத் தடவிப் பார்த்தார். "ரெண்டா? எதுக்கு ரெண்டு?"

"அப்பத்தானே கையை இப்படித் திருப்ப முடியும்." அவள் இடது கையைத் திருப்பப் பார்த்தாள், அது பாதியில் நின்றுவிட்டது. வலது கையைத் திருப்பிக் காட்டினாள்.

"அட, ஆமா," என்றவர் மும்முரமாகக் குனிந்து வேலை செய்துவிட்டு நிமிர்ந்தார். முழங்கைக்குக் கீழே ஒரே ஒரு குச்சி ஒட்டியிருந்தது.

"இன்னொண்ணு எங்க?"

"ஒண்ணே போதும்னு நெனச்சேன்."

வாயாடி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பத்து நாளில் இதுதான் முதல் சிரிப்பு. டீச்சர் திரும்பிப் பார்க்காமல், ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரும்பலகையை இன்னொரு முறை துடைத்துக்கொண்டிருந்தார்.

பசைக் கையை மற்ற பிள்ளைகள் எல்லாம் சட்டையில் துடைத்துக்கொண்டு வேலையை முடித்தார்கள். இவர் மட்டும் குழாயடிக்குப் போய், விரலிடுக்கு விடாமல் தேய்த்து, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, முழங்கையாலேயே குழாயைத் தட்டி மூடிவிட்டு, இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி திரும்பி வந்தார். பாவம், கை கழுவக்கூட இவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது என்று வாயாடி நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பொறுமை ஜாஸ்தி. விலாவுக்கு விலா, விரலுக்கு விரல் கூடவே இருந்து சொல்லிக் கொடுத்தாள். மணி அடிப்பதற்குள் அங்கிள் புது அட்டையில் இரண்டாவது எலும்புக்கூட்டை ஒரு தப்பும் இல்லாமல் ஒட்டி முடித்துவிட்டார். வாயாடி ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, டீச்சரின் டப்பாவிலிருந்து ஒரு தங்க நட்சத்திரத்தை எடுத்து அவர் சட்டைப் பையில் ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியை வலது கையால் இறுகப் பிடித்தவள் விடுவதாயில்லை. நர்ஸ் கெஞ்சினார். அப்பா மிரட்டிப் பார்த்துவிட்டு அவரும் கெஞ்சினார். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா நர்ஸிடம் கேட்டாள்.

"இதோ, பெரிய டாக்டரே வந்துட்டாரு," என்றார் நர்ஸ்.

பச்சை உடுப்பு, பச்சைத் தொப்பி, முகத்தில் பாதியை மூடிய முகமூடி. மார்பில் தொங்கிய பேர் அட்டையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தது. வாயாடி அதையே உற்றுப் பார்த்தாள்.

டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார்.

கம்பியைப் பிடித்த கை அப்போதும் தளரவில்லை. "முழங்கைக்குக் கீழ எத்தனை?" என்று கேட்டாள் வாயாடி.

"ரெண்டு," என்றார் டாக்டர்.

"மேல?"

"ஒண்ணு."

"தொடை எலும்பு?"

"தொடையிலதான்," என்றார் அவர் கையைக் கட்டிக்கொண்டு.

வாயாடி கம்பியை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ பயப்படாம வெளிய போய் உக்காரும்மா. இவருக்கு எல்லாம் தெரியும், நான்தான் சொல்லிக் குடுத்தேன்."