பச்சைப்பிள்ளைக் கண்

டாக்டரம்மா நனைத்த பஞ்சைப் பிழிய, குழந்தையின் இமையோரம் கட்டியிருந்த மஞ்சள் சீழ் கரைந்து வழிந்தது.

பிறந்து மூன்றாம் நாள். இரண்டு இமையும் அத்திக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தன.

மடியில் வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் மாடத்தி. பெற்றவள் சோலையம்மாள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்குப் பயமா இருக்கு, அக்காவே பிடிச்சுக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் அது மத்தியான நேரம். வெயில் தரையில் படுத்துக் கிடந்தது. எங்கேயோ கூட்ஸ் வண்டி ஒன்று நகர்ந்துகொண்டே இருந்தது.

மாடத்திக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு கண்டாள். மடியில் கிடப்பது எந்தப் பிள்ளை என்பதே அவளுக்கு மறந்து மறந்து போனது.

அவள் பிள்ளை சீனிச்சாமிக்கும் இதே மாதிரிதான் வீங்கியது. அப்போது அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. இருட்டறையில் போட்டு அவள் தாய்ப்பாலைப் பீய்ச்சி விட்டாள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் நேர்ந்துகொண்டாள். வீக்கம் வடிந்து இமை பிரிந்தபோது உள்ளே கருமணியைக் காணவில்லை. அவள் விட்ட பாலே உறைந்து நின்றதுபோல வெள்ளையாக இருந்தது.

சீனிச்சாமி இப்போது வளர்ந்துவிட்டான். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டிவிட்டு அவள் வரும்போது, பசை வாசத்தை வைத்தே அவள் பக்கம் முகத்தைத் திருப்புவான்.

வயிற்றுப்பிள்ளைக்காரி கிரகணத்தைப் பார்த்தால் வேறென்ன நடக்கும் என்றார்கள். அவள் பார்க்கவில்லை. ஆனாலும் வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, பார்க்காத அந்தக் கிரகணம் அவள் நினைவில் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. கருத்த சூரியன். அதைச் சுற்றி மத்தாப்புப் போல ஒரு வளையம். தூக்கத்தில்கூட அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

காலையில் சோலையம்மாளும் அதையேதான் சொல்லி அழுதாள். நான் எந்தக் கிரகணத்தையும் பார்க்கலையே, வீட்டுக்குப் போய்த் தாய்ப்பால் விட்டுப் பார்ப்போம் என்றாள். மாடத்தி பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். பின்னாலேயே சோலையம்மாளும் ஏற வேண்டியதாயிற்று.

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தி, உன் வீட்டுக்காரருக்கு நீர் பிரியும்போது ஏதாவது தொந்தரவு உண்டா என்று சோலையம்மாளிடம் கேட்டார். அவள் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டாள்.

மாடத்திதான் பதில் சொன்னாள்.

"கடுப்பு இருந்துச்சும்மா. வேட்டியிலயும் கறை. லோடு கூடப் போயிட்டு வந்த சூடுன்னு எளநீ குடிச்சாக, எண்ணெ தேச்சுக் குளிச்சாக."

புருஷன் தனுஷ்கோடி சிவகாசியிலிருந்து லாரியில் வெடி லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திராவில் பெஜவாடா வரைக்கும் போகிறவன். போனால் வாரக்கணக்கில் வரமாட்டான்.

"சூட்டுல வர்றதில்லை இது. வெட்டைநோய். ஆணும் பெண்ணும் சேர்றதுல ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டும். அவர் எங்கேயோ வாங்கிட்டு வந்து இவளுக்குக் கொடுத்திருக்கார். பிள்ளை வெளியே வரும்போது கண்ணுல பட்டிருக்கு."

பெண்களுக்குப் பல சமயம் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளுக்குள்ளேயே இருக்கும் என்றார். பென்சிலின் ஊசி போட்டால் போய்விடும். ஆனால் புருஷனும் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருத்தர் போட்டு ஒருத்தர் விட்டால் மறுபடியும் தொற்றிக்கொள்ளும். குணமாகும்வரை சேரவும் கூடாது.

மாடத்தி குழந்தையின் தலையைப் பிடித்தபடியே, கிரகணம் பார்த்தாலும் கண்ணு இப்படி ஆகுமா என்று கேட்டாள்.

கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த பஞ்சை எடுத்தார். அவருக்கு அது சின்னப் பேச்சு.

மாடத்திக்குள் அந்தக் கருத்த சூரியன் அசைந்தது. மெதுவாக விலகியது. இத்தனை வருஷமாக அது மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் கறை படிந்த ஒரு வேட்டி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா இரண்டு விரலால் இமையைப் பிரித்து மருந்தை விட்டார். உள்ளே ஈரமாக, கறுப்பாக, நாவற்பழம் மாதிரி கருமணி பளபளத்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் குழந்தை முகத்தைச் சுளித்து வீறிட்டது.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா.

சோலையம்மாள் முழங்கையை ஊன்றி எழுந்தாள். முதல் தடவையாகப் பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள்.

நர்ஸ் வந்து அவளுக்கு ஊசி போட்டாள். புருஷன் ஊர் திரும்பியதும் அழைத்து வரச் சொன்னார் டாக்டரம்மா. வர மறுத்தாலும் விடமாட்டேன், நான் இழுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள் மாடத்தி.

பிள்ளையைச் சோலையம்மாளின் கையில் கொடுத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு நர்ஸின் முன்னால் போய் நின்று, எனக்கும் ஒரு ஊசி போடுங்க என்றாள்.

டாக்டரம்மா சிரித்தார். பிள்ளையைத் தொட்டதற்கெல்லாம் பயப்படாதே, கையைக் கழுவினால் போதும், கூடப்பிறந்த அக்காவுக்கு எதற்கு ஊசி என்றார்.

"கூடப்பிறந்தவ இல்லம்மா," என்றாள் மாடத்தி. "நான் மூத்த தாரம்."